விரிவிணைப்பு (நீள்பாலங்களில்)

விரிவிணைப்பு என்பது பாலத்தளத்தின் இரு பகுதிகளுக்கு இடையிலோ, தளத்துக்கும் கரைச் சாலைக்கும் இடையிலோ விடப்படும் இடைவெளியை மூடும் அமைப்பு. அந்த இடைவெளி கூடவும் குறையவும் இது இடம் கொடுக்கிறது. அதே வேளையில் அதன் மேல் வண்டிகள் தடையின்றிச் செல்ல வழி செய்கிறது. பொறியாளர், ஒப்பந்தக்காரர், கொத்தனார் ஆகிய எல்லோரும் இதை எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் என்றே சொல்கின்றனர். மேம்பாலத்தில் பேருந்து ஓடும்போது ஒரே சீராகக் கேட்கும் ‘தடக், தடக்’ ஒலி பெரும்பாலும் இதிலிருந்து எழுவதே. பாலத்தின் மொத்தச் செலவில் இதற்கு ஆகும் பங்கு மிகச் சிறிது. பாலத்தின் உறுப்புகளில் அடிக்கடி பழுதாவதும் இதுவே.

தேவை. எஃகு ஒரு பாகை செல்சியஸ் வெப்பத்துக்குத் தன் நீளத்தில் 10 லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீள்கிறது. ஒரு கிலோமீட்டர் எஃகுத் தளத்தில் கடுங்குளிருக்கும் கடுவெயிலுக்கும் 50 பாகை வேறுபாடு இருந்தால், தளம் 60 செ.மீ. நீண்டு சுருங்கும். கான்கிரீட்டின் விரிவும் இதை ஒட்டியதே. ஆனால் கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதும், ஓயாத சுமையில் மெல்ல மெல்லக் குறுகுவதும் ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் நடப்பவை; வெயில் வந்தாலும் அவை திரும்பி வருவதில்லை. தொங்குபாலத்தில் இன்னொரு சேர்க்கை உண்டு. கனரக வண்டி ஏறும்போதும் காற்று வீசும்போதும் வடங்களின் வளைவு மாறுவதால், தளம் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்கிறது. நிலநடுக்கம் வரும் நாடுகளில் அதற்கும் இடம் விட வேண்டும். ஆகவே வடிவமைப்பவர் முதலில் தீர்மானிப்பது இணைப்பின் வகையை அன்று. பாலத்தை எந்த இடத்தில் அசையாமல் நிறுத்துவது, எங்கெங்கே நகரவிடுவது என்பதே அவருடைய முதல் கேள்வி. அதன் பிறகு, பொருத்தும் நாளில் தளம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏற்ப இடைவெளியை வைக்க வேண்டும். இந்த அளவைக் கவனியாமல் பொருத்தப்பட்ட இணைப்பு, கோடையில் முட்டிக்கொள்ளும் அல்லது குளிரில் பிளந்துகொள்ளும்.

தொடக்க காலம். கல் வளைவுப் பாலங்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இருக்கவில்லை. வெப்பம் ஏறினால் வளைவின் உச்சி சற்று உயரும், அவ்வளவே. வார்ப்பிரும்பு வந்ததும் அது கண்ணுக்குத் தெரியும் அளவாயிற்று. லண்டனில் 1819-ல் திறக்கப்பட்ட சவுத்வர்க் பாலத்தின் வளைவுகள் வெப்பத்தில் எவ்வளவு உயர்கின்றன என்று ஜார்ஜ் ரென்னி அளந்து எழுதினார். தாமஸ் டெல்ஃபோர்டு வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் மேல் கட்டி 1826-ல் திறந்த தொங்குபாலத்தில், சங்கிலிகள் கோபுர உச்சியில் உருளைகள் மேல் வைத்த இரும்புச் சேணங்களில் அமர்ந்தன. சங்கிலி நீண்டாலும் சுருங்கினாலும் கோபுரத்தை இழுத்துச் சாய்த்துவிடாதிருக்க அது செய்யப்பட்டது.

பிரிட்டானியா பாலம். அதே நீரிணையின் மேல் 24 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த இருப்புப்பாதைப் பாலம் இத்துறை வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், களப் பொறியாளராக இருந்த எட்வின் கிளார்க் 1850-ல் வெளியிட்ட விரிவான நூல். ஒரு பாலம் கட்டப்பட்ட விதத்தை இவ்வளவு பொறுமையாகவும் ஒளிவுமறைவின்றியும் பதிந்த நூல்கள் அந்த நூற்றாண்டில் சிலவே.

செஸ்டரிலிருந்து ஹோலிஹெட் துறைமுகத்துக்குச் செல்லும் இருப்புப்பாதைக்கு ராபர்ட் ஸ்டீவன்சன் தலைமைப் பொறியாளர். நீரிணையில் பாய்மரக் கப்பல்கள் முழு அகலத்திலும் தடையின்றிப் போக வேண்டும், கட்டும் காலத்திலும் வழியை அடைக்கும் சாரம் கூடாது என்று கடற்படைத் துறை நிபந்தனை விதித்தது. அதனால் வளைவுப் பாலம் கைவிடப்பட்டது. தொடர்வண்டியே உள்ளே நுழைந்து செல்லக்கூடிய அளவு பெரிய, தேனிரும்புத் தகடுகளை ஆணியடித்துச் செய்த பெட்டிக் குழாய்கள் முடிவாயின. வில்லியம் ஃபேர்பெய்ர்ன் மாதிரிக் குழாய்களைச் செய்து சோதித்தார். ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் கணக்குகளை ஆராய்ந்தார். குழாய் வடிவத்தின் பெருமை யாருக்கு உரியது என்பதில் ஸ்டீவன்சன் தரப்பும் ஃபேர்பெய்ர்ன் தரப்பும் அப்போதே முரண்பட்டன. இருவரும் தத்தம் தரப்பை அச்சில் வைத்துள்ளனர்; பிற்கால ஆசிரியர்கள் பெரும்பாலும் இருவருக்கும் பங்களித்தே எழுதுகின்றனர்.

நடுவே உள்ள இரு பெரிய இடைவெளிகள் ஒவ்வொன்றும் 460 அடி, கரையோர இடைவெளிகள் ஒவ்வொன்றும் 230 அடி. பெரிய குழாய்களைக் கரையில் செய்து, மிதவைகளில் ஏற்றி, ஓதத்தின் போக்கில் கொண்டுவந்து, நீர்ம அழுத்த எந்திரங்களால் கோபுரங்களின் உயரத்துக்குத் தூக்கினர். 1849 ஆகஸ்டில் எந்திரத்தின் உருளை ஒன்று வெடித்தது. தூக்கத் தூக்க அடியில் கட்டிடம் எழுப்பிக்கொண்டே வர வேண்டும் என்று ஸ்டீவன்சன் பிடிவாதமாக இருந்ததால் குழாய் தப்பியது. மேலே சென்ற பின் நான்கு துண்டுகளையும் கோபுரங்களுக்குள் ஒன்றோடொன்று சேர்த்து ஆணியடித்து, 1,511 அடி, அதாவது ஏறத்தாழ 460 மீட்டர் நீளமுள்ள ஒரே குழாயாக்கினர். சேர்க்கும்போது ஒரு துண்டின் மறுமுனையைச் சற்று உயர்த்தி வைத்து ஆணியடித்து, பிறகு இறக்கினர். அதனால் தூணின் மேல் எதிர்வளைவு உண்டாகி நடுப்பகுதியின் பாரம் குறைந்தது.

துண்டுகளாக விட்டிருந்தால் ஒவ்வொன்றும் தன் அளவில் சிறிதே நீளும். ஒன்றாக்கியதால் நகர்வு முழுவதும் இரு முனைகளுக்குச் சேர்ந்தது. அதற்கு ஸ்டீவன்சன் குழு கண்ட விடை இன்றும் மாறவில்லை. நீரிணையின் நடுப்பாறை மேல் நிற்கும் பிரிட்டானியா கோபுரத்தில் குழாயை அசையாமல் பொருத்தினர். மற்ற இரு கோபுரங்களிலும் இரு கரைகளிலும் வார்ப்பிரும்பு உருளைகளின் மேல் நகரவிட்டனர். கோபுரங்களில் பாரத்தின் ஒரு பகுதியை மேலிருந்தும் தாங்க, வெண்கலக் குண்டுகள் பதித்த உத்திரங்கள் வைக்கப்பட்டன. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர். 40 பாகை வேறுபாட்டுக்கு ஒவ்வொரு முனையும் சுமார் 11 செ.மீ. நகரும்.

1850 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் செய்த அவதானிப்புகளே இக்கட்டுரையில் கூடுதல் இடம் பெறத் தக்கவை. தானே பதிவு செய்யும் கருவி ஒன்றை வைத்து மூன்று மாதம் குழாய்களின் அசைவைக் குறித்தனர். ஒரு மணி நேரம்கூடக் குழாய் முழு ஓய்வில் இருந்ததாகப் பதிவில் இல்லை. காலையில் ஒரு பக்கமும், உச்சிப்பொழுதில் மேற்புறமும், மாலையில் மறுபக்கமும் சூடேற, குழாய் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளைந்து வெயிலைப் பின்தொடர்ந்தது. மிகக் கனமான தொடர்வண்டியாலும் கடும் புயலாலும் உண்டாகும் அசைவைவிட அரைமணி நேர வெயிலால் உண்டாகும் அசைவு பெரிதாக இருந்தது. வெப்ப நகர்வு என்றால் கோடைக்கு ஒரு முறை நீண்டு குளிருக்கு ஒரு முறை சுருங்குவது என்ற எண்ணத்தை இந்தப் பதிவு கலைத்தது. பின்னர் வந்த தலைமுறைகள் இதை மறந்ததற்குத் தந்த விலை கீழே சொல்லப்படும்.

தகடுகளைக் காக்கக் குழாய்களின் மேல் தார் பூசிய மரக்கூரை அமைக்கப்பட்டது. 1970 மே மாதம் அந்தக் கூரையும் உள்மரங்களும் தீப்பற்றின. மீட்க முடியாதபடி தொய்ந்துபோன குழாய்களுக்குப் பதிலாக எஃகு வளைவுகள் கட்டப்பட்டன. கோபுரங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

1850 முதல் 1945 வரை. ஸ்காட்லாந்தில் 1890-ல் திறந்த ஃபோர்த் இருப்புப்பாதைப் பாலத்தில், ஜான் ஃபவுலரும் பெஞ்சமின் பேக்கரும் ஒவ்வொரு பெருங்கோபுரத்தையும் நான்கு அடித்தூண்களில் நிறுத்தி, ஒன்றில் மட்டும் அசையாமல் பொருத்தி, மற்றவற்றில் நகர்வுக்கு இடம் விட்டனர். கோபுரங்களிலிருந்து இருபுறமும் நீளும் நெம்புகைகளுக்கு நடுவே தொங்கும் உத்திரங்கள் ஒரு முனையில் பொருத்தப்பட்டும் மறுமுனையில் நகரும்படியும் இருந்தன. சாலைப் பாலங்களில் இக்காலத்தில் இரண்டு வகைகள் நிலைபெற்றன: ஒரு தகட்டின் மேல் இன்னொன்று வழுகும் தகட்டு இணைப்பு, இரு தகடுகளின் பற்கள் கோத்த கைவிரல்கள் போல ஒன்றினூடே ஒன்று நுழையும் விரல் இணைப்பு. கொல்கத்தாவின் ஹௌரா பாலம் (1943) வெயில் நாளில் நான்கு அடி நீளும் என்று சொல்லப்படுவதுண்டு. பாலத்தின் மொத்த நீளம் 705 மீட்டர். மேற்சொன்ன விகிதப்படி 40 பாகைக்கு 34 செ.மீ. மட்டுமே வருவதால், அந்த எண்ணை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும்.

சுருள் தகடும் மாடுலரும். போருக்குப் பின் ஐரோப்பாவில் நெடுந்தொங்குபாலங்கள் பெருகியபோது விரல்களின் நீளம் போதவில்லை. ஃபோர்த் சாலைப் பாலத்திலும் (1964, நடு இடைவெளி 1,006 மீ.) ஹம்பர் பாலத்திலும் (1981, 1,410 மீ.) கீல் போட்டுக் கோத்த எஃகுத் தகடுகள் வளைந்த தாங்கியின் மேல் ஏறி இறங்கும் சுருள் தகட்டு இணைப்புகள் வைக்கப்பட்டன. பாகங்கள் பல, தேய்மானமும் அதற்கேற்ப அதிகம். ஃபோர்த் சாலைப் பாலத்தில் அவற்றை மாற்றும் வேலை போக்குவரத்து முடங்கும் என்ற அச்சத்தில் 2010-ல் தள்ளிவைக்கப்பட்டு, பக்கத்தில் குவீன்ஸ்ஃபெரி பாலம் 2017-ல் திறந்த பிறகே நடந்தது.

1960-களில் ஜெர்மனியில் உருவான மாடுலர் இணைப்பு இப்போது நீள்பாலங்களில் முதன்மை வகை. பெரிய இடைவெளி ஒன்றைச் சாலைக்குக் குறுக்கே கிடக்கும் எஃகு நடுச்சட்டங்களால் பல சிறு இடைவெளிகளாகப் பிரிப்பதே இதன் கருத்து. ஒவ்வொரு சிறு இடைவெளியும் வழக்கமாக 80 மி.மீ.க்கு மேல் திறக்க விடப்படுவதில்லை. அதை ரப்பர் பட்டை அடைத்து, நீர் கீழே இறங்காமல் தடுக்கிறது. 2 மீட்டர் நகர்வு வேண்டுமானால் 25 இடைவெளிகள் தேவை. நடுச்சட்டங்களைத் தாங்கும் சட்டங்கள் பெட்டிகளுக்குள் வழுக்குத் தாங்கிகளின் மேல் நகர்கின்றன. எல்லா இடைவெளிகளும் சமமாகத் திறக்கும்படி ரப்பர் வில்களோ சாய்வுச் சட்டங்களோ கட்டுப்படுத்துகின்றன. மூனிக்கின் மவுரர், சுவிட்சர்லாந்தின் மகேபா ஆகிய நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. வால்டெமார் கெஸ்டர் 1960-களில் எழுதிய நூல் இத்துறையின் முதல் முழுநூல்களில் ஒன்று. இணைப்பை அசையாப் பொருளாகக் கருதிக் கணக்கிடக் கூடாது, சக்கரம் தரும் அதிர்வோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற கருத்துக்கு இன்றும் அந்நூலையே சான்றாகக் காட்டுகின்றனர்.

அயர்ச்சி முறிவு. அந்த அறிவுரை நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. முதல் தலைமுறை மாடுலர் இணைப்புகள் பலவற்றில், கனமான ஒரே சுமையைத் தாங்குமா என்று மட்டும் பார்த்து, கோடிக்கணக்கான சிறு சுமைகளை விட்டுவிட்டனர். ஒரு நடுச்சட்டத்தின் மேல் சக்கரம் இருப்பது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிதான். சக்கரம் கடந்த பின்னும் சட்டம் மேலும் கீழும் அதிர்வதால், ஓர் அச்சு கடந்தாலே பற்றவைப்பின் மேல் பல சுழற்சிகள் சேர்கின்றன. சில ஆண்டுகளில் வெடிப்பு விழும்.

ஆஸ்திரியரான ஃபெர்டினாண்ட் செம்மர்நெக், வண்டி ஓடும்போதும் முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இணைப்பின் மேல் விழும் நிலைகுத்து, கிடைவிசைகளை அளந்து 1973-ல் வெளியிட்டார். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரோடர், லீஹை பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டெக்ஸ்டர் குழுவினர் ஆகியோரின் ஆய்வுகள் தொடர்ந்தன. டெக்ஸ்டர் குழுவின் 1997 அறிக்கை அந்நாட்டு வடிவமைப்பு விதிகளுக்கு அடிப்படையாயிற்று. அங்கு இணைப்புகளுக்கு அதிர்வுக்காக 75 விழுக்காடு கூடுதல் சுமை கொள்ளப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஃபெசன்ட்ஸ் நெஸ்ட் பாலத்தின் இணைப்புகள் அயர்ச்சியால் முறிந்தன. பின்னர் சிட்னியின் ஆன்சாக் பாலத்தில் (1995) எரிக் ஆன்சிச் செய்த அளவீடுகள் அதிர்வுப் பெருக்கம் விதிகள் கொள்வதைவிடக் கணிசமாகக் கூடுதல் என்று காட்டின. ஓர் இணைப்பின் அளவீட்டைப் பொது விதியாக்கலாமா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. வண்டியின் வேகம், நடுச்சட்டங்களின் இடைத்தூரம், தாங்கிகளின் விறைப்பு ஆகியவை பாலத்துக்குப் பாலம் மாறுகின்றன.

ஆன்சாக் பாலத்தில் இணைப்பின் ஓசை அரைக்கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டதால் குடியிருப்போர் முறையிட்டனர். சட்டங்களின் அதிர்வு கீழே உள்ள வெற்றறையின் காற்றோடு ஒத்திசைவதே காரணம் என்று கருதி, அறைக்குள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகை ஒலி உறிஞ்சிகளை அமைத்தனர். ஓசை பெரிதும் குறைந்தது.

பெருநீளப் பாலங்கள், 1995-க்குப் பின். டென்மார்க்கின் கிரேட் பெல்ட் கிழக்குப் பாலத்தில் (1998) நடு இடைவெளி 1,624 மீட்டர். கோபுரங்களில் இணைப்பே வைக்காமல், ஏறத்தாழ 2.7 கி.மீ. நீள எஃகுத் தளத்தை ஒரே தொடர்ச்சியாக்கி, இரு நங்கூரக் கட்டிடங்களில் மட்டும் இணைப்பு வைத்தனர். அங்கேயே நீர்மத் தணிப்பிகளும் உள்ளன. வெப்பத்தால் மெல்ல நடக்கும் நகர்வை அவை விட்டுக்கொடுக்கும். வண்டியாலும் காற்றாலும் திடீரென வரும் நகர்வைத் தடுக்கும். இணைப்பின் ஆயுளை முடிவு செய்வது அதன் உச்ச நகர்வு மட்டுமன்று, நாள்தோறும் வழுக்குத் தாங்கி தேய்ந்து கடக்கும் மொத்தத் தூரமும்தான் என்ற தெளிவு இதில் தெரிகிறது. பிரிட்டானியாவின் பதிவுக்கருவி காட்டியதும் இதையே. சீனாவின் ஜியாங்யின் பாலத்தில் (1999, 1,385 மீ.) சில ஆண்டுகளிலேயே இணைப்புகள் பழுதாகி மாற்றப்பட்டன, பிறகு பொருத்திய தணிப்பிகள் ஓயாத சிறு நகர்வைக் கட்டுப்படுத்தியதை உணர்கருவிகளின் தரவு காட்டியது.

ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலம் கட்டப்படும்போது, 1995 ஜனவரி கோபே நிலநடுக்கம் கோபுரங்களை விலக்கி நடு இடைவெளியை ஏறத்தாழ 0.8 மீட்டர் நீட்டிவிட்டது. தளம் அப்போது ஏற்றப்படவில்லை என்பதால் அளவுகளைத் திருத்த முடிந்தது. கிரேக்கத்தின் ரியோன்–ஆன்டிரியோன் பாலத்தில் (2004) 2,252 மீட்டர் தளம் முழுவதும் கம்பிகளில் தொங்குகிறது. நிலநடுக்கத்தில் பல மீட்டர் நகர்வைத் தாங்கும் இணைப்புகள் இரு முனைகளிலும் உள்ளன. பிரான்சின் மியோ பாலம் (2004) 2,460 மீட்டர் தொடர்ச்சியான எஃகுத் தளம் உடையது. இணைப்பு இரு கரைகளில் மட்டுமே. தளத்தின் நகர்வுக்குத் தூண்கள் வளைந்து கொடுப்பதற்காக, ஒவ்வொரு தூணின் மேல் 90 மீட்டரும் இரு மெல்லிய தூண்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

இதற்கு எதிர்வழியும் உண்டு. அமெரிக்காவின் பான்சர்ட்ரெய்ன் ஏரிப் பாலத்தில் 1956-ல் 56 அடிக் குறுந்தளங்களையும், 1969-ல் கட்டிய இணைப்பாலத்தில் 84 அடித் தளங்களையும் வரிசையாக அடுக்கினர். ஒவ்வோர் இணைப்பின் நகர்வும் மிகச் சிறிது, இணைப்புகளோ ஆயிரக்கணக்கில்.

விபத்துகள். இணைப்பு கசிந்தால் உப்பும் அழுக்கும் கலந்த நீர் உத்திர முனைகளிலும் தாங்கிகளிலும் இறங்கி அரிக்கும். பாலங்களுக்கு இணைப்பால் வரும் சேதத்தில் பெரும்பங்கு இது. கனெக்டிகட்டின் மியானஸ் ஆற்றுப் பாலத்தில் நகர்வுக்கு இடம் தருவதற்காக ஊசியும் தொங்குதகடும் கொண்டு தளம் மாட்டப்பட்டிருந்தது. வடிகால்கள் மூடப்பட்டிருந்ததால் துரு பெருகி, 1983 ஜூனில் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது, மூவர் இறந்தனர். 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ–ஓக்லந்து பாலத்தின் மேல்தளத்தில் 50 அடிப் பகுதி, 5 அங்குல அகலமே இருந்த இருக்கையிலிருந்து நழுவி விழுந்தது.

இணைப்பற்ற பாலம். மிகச் சிறந்த இணைப்பு, இணைப்பே இல்லாமை என்பது துறையினரின் பழகிய கூற்று. ஒஹையோவில் 1938-ல் கட்டிய டீன்ஸ் ரன் பாலம் கரைச்சுவரோடு தளத்தை ஒன்றாக வார்த்த முன்னோடிகளில் ஒன்று. டென்னசி மாநிலம் 1,175 அடி வரை இவ்வாறு கட்டியுள்ளது. பிரிட்டனில் 60 மீட்டருக்கு உட்பட்ட பாலங்களுக்கு இதையே முதலில் கருத வேண்டும் என்று 1990-களில் விதி வந்தது. மேல்வரம்பு எது என்பதில் நாடுகளின் விதிகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் பாலத்துக்கு இவ்வழி பொருந்தாது.

இந்தியா. நீண்ட வெல்டிங் தண்டவாளங்களின் முனைகளில் ரயில்வே துறை வைக்கும் ஸ்விட்ச் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் தனித் தலைப்பில் கூற வேண்டியது. சாலைப் பாலங்களுக்கு இந்தியச் சாலைப் பேரவை 2005-ல் இணைப்புகளுக்கெனத் தனி வழிகாட்டி நூலை வெளியிட்டது. இந்திய அனுபவத்தில் அதிகம் பேசப்படுவது பாட்னாவில் கங்கையின் மேல் 1982-ல் திறந்த மகாத்மா காந்தி சேது. ஏறத்தாழ 5.6 கி.மீ. நீளத்தில் 121 மீட்டர் இடைவெளிகளை வரிசையாகக் கொண்ட அப்பாலத்தில், ஒவ்வொரு தூணிலிருந்தும் இருபுறமும் நீண்ட கான்கிரீட் கைகள் இடைவெளியின் நடுவே கீலில் சந்தித்தன. கான்கிரீட்டின் மெதுவான குறுக்கமும் முன்தகைவு இழப்பும் கைகளின் முனைகளைத் தாழ்த்தின; நடுக்கீல்கள் தேய்ந்து உடைந்தன; அங்கே வண்டிகள் குதித்ததால் சேதம் மேலும் பெருகியது. பல ஆண்டுகள் பழுதுபார்த்தும் பயனின்றி, தூண்களை வைத்துக்கொண்டு மேல்தளம் முழுவதையும் எஃகுச் சட்டக உத்திரங்களாக மாற்றினர். மேற்குப் பாதை 2020-லும் கிழக்குப் பாதை 2022 ஜூனிலும் திறக்கப்பட்டன. புதிய தளத்தில் இடைவெளிகளின் நடுவே கீல்கள் இல்லை.